மரத்த ஸ்டியரிங்

பிப்ரவரி 2

அன்புள்ள குட்டிக்கு,

அப்பா எழுதுவது. என் எழுத்து கோணலாக இருப்பதற்கு முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். வரி மேலே ஏறுகிறது, நடுவில் இறங்குகிறது. ஓரத்துக்கு வரும்போது எழுத்துகள் எல்லாம் பஸ் படியில் தொங்குகிற கூட்டம் மாதிரி நெருக்கிக்கொள்கின்றன. கோடு போட்ட தாளில் எழுதச் சொன்னார் முதியோர் வகுப்பு டீச்சர். கோடு போட்ட தாளில்தான் எழுதியிருக்கிறேன். நீயே பார்த்துக்கொள்.

ஆனால் இது முழுக்க நானே எழுதியது. 'ஸ்டியரிங்' என்ற ஒரு வார்த்தையை மட்டும் நீ எழுதுகிற கார் பத்திரிகையைப் பார்த்து எழுதினேன்.

உன் அண்ணி கேட்டாள்: "எதுக்கு மாமா இவ்வளவு கஷ்டம்? ஒரு மெசேஜ் தட்டினா ரெண்டு நிமிஷம்." நீ இருக்கிற சோதனை மைதானத்தில் வாசலிலேயே போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், புது வண்டிகளை யாரும் படம் பிடித்துவிடக் கூடாதாம் என்று சொன்னேன். "அப்ப உங்களுக்கு நல்லதாப் போச்சு" என்றாள். நல்லதாகத்தான் போயிற்று. போனில் பேசினால் நான் படித்தது என்னத்துக்கு?

விஷயத்துக்கு வருகிறேன். உன் பத்திரிகையை வாங்கினேன். டிப்போவில் பஸ் கழுவிக்கொண்டிருந்த காலத்திலிருந்தே வாங்குகிறேன், உனக்குத் தெரியும். உன் போட்டோ இருக்கிற பக்கத்தை மடித்து வைத்துக்கொண்டு, "என் பொண்ணு எழுதினது" என்று எல்லாருக்கும் காட்டுவேன். "என்ன எழுதியிருக்கு?" என்று யாராவது கேட்டால், "படிச்சுப் பாருங்க" என்று அவர் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். இந்த முறை நகரவில்லை. நானே படித்தேன். அரைப் பக்கம். காலையில் ஆரம்பித்தேன், சாப்பாட்டுக்குப் பிறகு முடிந்தது. நடுவில் அண்ணி இரண்டு தடவை டீ கொண்டுவந்தாள். இரண்டும் ஆறிப்போயின.

மூன்று வேகமான கார்களை ஓட்டிப் பார்த்து, எது எப்படிச் செய்யப்பட்டது, எது ஓட்டுகிறவரைத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது என்று ஏப்ரல் இதழில் பெரிதாக எழுதப்போகிறாய், இது அதற்கு முன்னோட்டம் என்று புரிந்தது. எனக்கு இடித்தது ஒரு இடம்தான். 'சாம்பல் நிற வண்டியின் ஸ்டியரிங் மரத்துப்போயிருக்கிறது.' இந்தக் காலத்தில் மரத்தில் ஸ்டியரிங் செய்கிறார்களா? வகுப்பில் சொன்னேன். கூடப் படிக்கிற தையல்காரர் நம்பவில்லை. பெயிண்டர், "பணக்காரங்க எதையும் கேப்பாங்க, ஆனா மரம்னா வருஷா வருஷம் வார்னிஷ் அடிக்கணும்" என்றார். டீச்சர் இருமிக்கொண்டே ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

தேக்கா, வேறு மரமா என்று எழுது.

அப்பா


பிப்ரவரி 9

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. வாசல் காவலாளி கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வீட்ல சின்னப் புள்ள இருக்காம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

தேக்கும் இல்லை, வேறு மரமும் இல்லை. மரமே இல்லை அப்பா. மரத்துப்போவது. உணர்ச்சி இல்லாமல் போவது. சக்கரத்துக்கு அடியில் என்ன நடக்கிறது என்பது ஸ்டியரிங் வழியாகக் கைக்குத் தெரியவேண்டும். டயர் ரோட்டைப் பிடித்திருக்கிறதா, விடப்போகிறதா, ஈரமா, மணலா. அதைச் சொல்லாத ஸ்டியரிங்கை இந்தத் தொழிலில் மரத்த ஸ்டியரிங் என்போம். டீச்சர் ஏன் இருமினார் என்று இப்போது புரிந்திருக்கும்.

மூன்று வண்டிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அடுத்து எதையாவது வகுப்பில் கிளப்பிவிடுவீர்கள்.

கறுப்பு வண்டியின் உடல் கார்பன் இழையால் ஆனது. கரி நூலில் நெய்த துணி. அதைப் பிசினில் ஊறவைத்து, அச்சில் அடுக்கடுக்காகப் போர்த்தி, பெரிய அடுப்பில் வேகவைத்து எடுக்கிறார்கள். இரும்பைவிடக் கெட்டி, கூடை மாதிரி லேசு. எஞ்சின் என் முதுகுக்குப் பின்னால். முன்சக்கரங்களுக்குத் தனியாக மின்சார மோட்டார். நான் தப்புப் பண்ணுவதற்கு முன்பே அதன் கம்ப்யூட்டர் திருத்திவிடுகிறது. பிள்ளைகளின் கையைப் பிடித்து எழுத வைப்பார்களே, அப்படி.

மஞ்சள் வண்டி, அலுமினியக் குழல்களைப் பசையால் ஒட்டி ரிவிட் அடித்த எலும்புக்கூடு. மேலே மெல்லிய தோல். கிளட்ச் மிதித்துக் கையால் கியர் போடவேண்டும். ரோட்டில் கிடக்கிற பொடிக்கல்கூடக் கையில் வந்து இடிக்கும். இறங்கும்போது யாரிடமோ அடி வாங்கின மாதிரி இருக்கும். அதற்குத்தான் முதலிடம் கொடுக்கப்போகிறேன். மூன்றில் அதுதான் என்னோடு பேசுகிறது.

சாம்பல் வண்டியில் இரும்பும் அலுமினியமும் கலந்த உடம்பு. எஞ்சின் முன்னால், நாலு சக்கரத்துக்கும் இழுவை. எல்லாம் ஒழுங்கு, எல்லாம் அமைதி. கை வைத்தால் ஒன்றும் சொல்லாது. அதன் ஸ்டியரிங்கைச் செய்த எஞ்சினியர் இங்கே வந்திருந்தார். என் முன்னோட்டத்தைப் படித்துவிட்டு வந்திருக்கிறார். கேன்டீனில் எதிரில் உட்கார்ந்து, தட்டைத் தொடாமல், "ஒண்ணுமே தெரியலையா மேடம்?" என்று கேட்டார். "தெரியல சார்" என்றேன். முழுக் கட்டுரையும் இப்படியே வந்தால் அவர் குழுவைக் கலைத்துவிடுவார்களாம். நான் என்ன செய்யட்டும்? கைக்குத் தெரிந்ததைத்தானே எழுத முடியும்?

தினமும் ஒரே வரிசை. காலையில் கறுப்பு, வெயில் ஏறினதும் மஞ்சள், கடைசியில் சாம்பல். அதே வளைவுகள், அதே வேலி. அறையில் ஒரு கட்டில், ஒரு மேஜை, மூடாத ஒரு குழாய். தலையணையில்கூட டயர் வாடை. மார்ச் பாதிக்குள் கட்டுரை வேண்டும் என்று ஆசிரியர் விரட்டுகிறார். மணிக்கட்டு கொஞ்சம் வலிக்கிறது. இந்தத் தொழிலில் வருவதுதான். அலுப்பாக இருக்கிறது, வேறொன்றும் இல்லை.

குட்டி


பிப்ரவரி 15

அன்புள்ள குட்டிக்கு,

மரம் இல்லை என்றதும் வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு 'மரத்து' என்ற சொல்லைப் பலகையில் எழுதச் சொன்னார்கள். ஒரே தடவையில் சரியாக எழுதினேன்.

கரித்துணி வண்டிதான் இங்கே பெரிய பேச்சு. தையல்காரருக்குத் தூக்கமே வரவில்லையாம். "துணியில கார் பண்றானா? அப்ப அது நம்ம வேலைதான். அண்ணே, தையல் உள்பக்கம் வருதா வெளிப்பக்கம் வருதான்னு உங்க பொண்ணுகிட்ட கேட்டுச் சொல்லுங்க."

"கிழிஞ்சா ஒட்டுப் போடுவியா?" என்று பெயிண்டர் வம்புக்கு இழுத்தார்.

"போடுவேன். உள்ளுக்குள்ள போடுவேன், உன் பெயின்ட் மாதிரி வெளிய பல்லிளிக்காது."

உன் ஆசிரியரைப் பற்றி எழுதியிருந்தாய். இந்த வயதில் உனக்கும் ஆசிரியர் இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. படித்து இத்தனை வருடம் ஆன பிறகும் விரட்டுகிறாரா? எங்கள் டீச்சர் யாரையும் விரட்டுவதில்லை. (எழுதின பிறகு அண்ணியைக் கேட்டேன். பத்திரிகையை நடத்துகிறவரையும் ஆசிரியர் என்றுதான் சொல்வார்களாம். அழிக்க மனமில்லை, இருக்கட்டும்.)

கறுப்பு வண்டியைப் பற்றி நீ சொன்னது எனக்கு நன்றாகப் புரிந்தது. முதல் வாரம் டீச்சர் என் கையைப் பிடித்து 'அ' போட வைத்தார். லட்சணமான அ. அதை நான் வீட்டில் காட்டவில்லை, அது அவர் போட்டது. அடுத்த வாரம் நானே ஒன்று போட்டேன். பட்டினி கிடந்த நாய் சுருண்டு படுத்த மாதிரி இருந்தது. அதைத்தான் அண்ணியிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

ஒன்றுதான் புரியவில்லை. வகுப்பில் தரையில் உட்காருகிறோம். எழுந்திருக்கும்போது, "கால் மரத்துப்போச்சு, கை குடுங்க" என்பேன். தரை மரத்துப்போச்சு என்று யாரும் சொல்வதில்லை. பல் பிடுங்க ஊசி போட்டார்கள். நாக்குத்தான் மரத்தது, டம்ளர் மரக்கவில்லை. மரப்பது உடம்புதானே? ஸ்டியரிங் எப்படி மரக்கும்? டீச்சரைக் கேட்டேன். "பொண்ணுகிட்டயே கேளுங்கய்யா" என்று சொல்லிவிட்டார்.

பீரோ மேல் இருந்த உன் பழைய இதழ்களையும் எடுத்திருக்கிறேன். ஒன்றில் எழுதியிருக்கிறாய்: 'சக்கரம் வெள்ளைக் கோட்டின் மேல் ஏறி இறங்கியது விரல் நுனிக்குத் தெரிந்தது. பெயின்ட்டின் கனம், அவ்வளவுதான்.' இதைப் பெயிண்டருக்குப் படித்துக் காட்டினேன். "நான் அடிச்ச பெயின்ட்டோட கனம் எனக்கே தெரியாதே" என்றார்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். உன் கடிதத்தின் இரண்டாவது பக்கம் எனக்குப் படிக்க வரவில்லை. என் படிப்பின் குறை என்று நினைத்தேன். டீச்சர் வாங்கிப் பார்த்தார். அவருக்கும் பல இடத்தில் தடுக்கியது. 'ல'வும் 'வ'வும் ஒரே மாதிரி இருக்கின்றன. வலிக்கிற கையோடு அவசரமாக எழுதாதே.

அப்பா


பிப்ரவரி 21

அப்பா,

நான் உங்களுக்கு எழுதின கடிதத்தை டீச்சருக்கு ஏன் காட்டினீர்கள்? இன்னும் யாரெல்லாம் பார்த்தார்கள்? தையல்காரரா, பெயிண்டரா? என் மணிக்கட்டு வலியை வைத்து உங்கள் வகுப்பில் கையெழுத்துப் பயிற்சி நடக்கிறதா?

மரத்த ஸ்டியரிங் என்பது தொழிலில் புழங்குகிற சொல். எல்லாரும் எழுதுகிறோம். எனக்கு முன்னால் இருந்தவர்களும் எழுதினார்கள். இலக்கணம் பார்த்து யாரும் கார் ஓட்டுவதில்லை.

பழைய இதழ்களை இருந்த இடத்திலேயே வையுங்கள். அப்போது வண்டிகள் வேறு. ஸ்டியரிங்குக்கு எண்ணெய் அழுத்தம் உதவி செய்யும், நடுவில் மின்மோட்டார் கிடையாது. அதனால் கோடு தெரிந்தது. இப்போது தெரியாது. யாருக்குமே தெரியாது.

இனி வேலையைப் பற்றி நான் எழுதவில்லை. நீங்கள் உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.


பிப்ரவரி 26

அன்புள்ள குட்டிக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று தாளில் எழுதிக் கிழித்துப் போட்டேன். இது நாலாவது. இதிலும் அடித்திருக்கிறேன்.

உன் கடிதத்தின் கீழே பெயர் இல்லை. அதைத்தான் முதலில் பார்த்தேன். என்னிடம் கோபம் என்றால் நீ சின்ன வயதிலும் அப்படித்தான், கூப்பிட்டால் திரும்பமாட்டாய்.

டீச்சருக்கு மட்டும்தான் காட்டினேன். வேறு யாருக்கும் இல்லை. தையல்காரருக்கும் பெயிண்டருக்கும் வண்டிகள் வரைக்கும் நானே படித்துச் சொன்னேன், மணிக்கட்டு வந்ததும் நிறுத்திவிட்டேன். இனி டீச்சருக்கும் காட்டமாட்டேன்.

உனக்கு ஏன் கோபம் வந்தது என்று யோசித்தேன். முன்பெல்லாம் நீ எழுதின கடிதத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் படிப்பார், கண்டக்டர் படிப்பார், உன் அண்ணன் படிப்பான். ஊரே கேட்ட பிறகுதான் அது என் காதுக்கு வரும். அதனாலேயே நீ 'நலம், நலமறிய ஆவல்' என்பதற்கு மேல் ஒன்றும் எழுதமாட்டாய். எல்லாம் நல்லபடி இருக்கிறது என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

இப்போது நானே படிக்கிறேன். மாடிப்படியில் கடைசிப் படிக்கு யாரும் வருவதில்லை. அங்கே உட்கார்ந்துதான் உன் கடிதங்களைப் படிக்கிறேன். நீ எழுதுகிறது உன் கையை விட்டு நேராக என் கண்ணுக்கு வரும், நடுவில் ஒருத்தரும் இல்லை.

வண்டியைப் பற்றிக் கேட்கவில்லை. இலக்கணமும் கேட்கவில்லை. நீ எழுதும்போது விரலுக்குப் பேனா தெரிகிறதா? இது ஒன்றுதான் கேள்வி. ஆமாம், இல்லை, ஏதாவது ஒரு சொல் எழுது. நீளமாக எழுதினால் எனக்கும் படிக்க நேரமாகும்.

அப்பா


மார்ச் 3

அப்பா,

இல்லை.

குட்டி


மார்ச் 8

அன்புள்ள அப்பாவுக்கு,

என் எழுத்து கோணலாக இருக்கும். மன்னித்துக்கொள்ளுங்கள். பேனாவுக்குத் துணி சுற்றித் தடிமனாக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாக எழுதுகிறேன். படிக்க முடியாத இடத்தை விட்டுவிடுங்கள்.

ஒரு வருடத்துக்கு மேலாகிறது. முதலில் கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரலும் காலையில் ஊசி குத்தின மாதிரி இருக்கும். உதறினால் சரியாகிவிடும். பிறகு உதறினாலும் சரியாகவில்லை. சட்டைப் பொத்தானைக் கண்ணால் பார்த்தால்தான் போட முடிகிறது. யாரிடம் சொல்வது? கைதான் என் வேலை. கைக்குத் தெரியவில்லை என்று சொல்கிற நாளில் வண்டிச் சாவியை வாங்கிக்கொள்வார்கள். கண் இருக்கிறது, காது இருக்கிறது, உட்காருகிற இடத்தில் வண்டி அசைவது தெரிகிறது, சமாளித்துவிடலாம் என்று ஓட்டினேன். என் பக்கத்தில் வேறு யாரும் உட்காரவில்லை, அதை மட்டும் நினைத்துக்கொள்வேன்.

உங்கள் கேள்வி பிடிக்கவில்லை. ஆனால் அது போகவும் இல்லை. தரை மரக்கவில்லை, டம்ளர் மரக்கவில்லை. வளைவில் திரும்பும்போதெல்லாம் அதுதான் ஓடியது.

உங்களுக்கு அந்த ஒரு சொல்லை அனுப்பின மறுநாள், நேரம் குறிக்கிறவரிடம் போய், இன்றைக்குச் சாம்பல் வண்டி முதலில் என்றேன்.

"வரிசைய மாத்தினா என் கணக்கெல்லாம் குழம்பிடும்மா."

"குழம்பட்டும்."

"மஞ்சள்ல ஏறி இறங்கினாத்தானே உங்களுக்கு உசுரே வரும்னு சொல்வீங்க?"

"இன்னைக்கு அது இல்லாம பாக்கறேன்."

காலைக் குளிரில், விரல்களை வெந்நீரில் வைத்திருந்துவிட்டு, கையுறை போடாமல் ஏறினேன். மெதுவாகத்தான் போனேன். முதல் வளைவில் ஓரத்து வெள்ளைக் கோட்டின் மேல் வேண்டுமென்றே ஏற்றினேன்.

தெரிந்தது அப்பா. பெயின்ட்டின் கனம். மின்மோட்டாரைத் தாண்டி, அத்தனை இரும்பையும் அலுமினியத்தையும் தாண்டி, யாரோ பக்கத்து அறையில் மெதுவாகப் பேசுகிற மாதிரி வந்தது. கோடு முடிந்தது தெரிந்தது. அடுத்த கோடு ஆரம்பித்தது தெரிந்தது. அந்த எஞ்சினியர் தட்டைத் தொடாமல் கேட்டது இதைத்தான்.

கொஞ்ச தூரம் போனதும் விரல்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. அதே வண்டி, அதே கோடு. ஒன்றும் வரவில்லை. நிறுத்திவிட்டு இறங்கினேன்.

இப்போது எல்லாம் நேராகத் தெரிகிறது. தினமும் மஞ்சள் வண்டியில் அடி வாங்கிய கையோடு சாம்பலில் ஏறியிருக்கிறேன். மஞ்சளுக்கு முதலிடம் கொடுக்க நினைத்ததும் அதனால்தான். காது மந்தமானவருக்குக் கத்திப் பேசுகிறவரைத்தான் பிடிக்கும். மெதுவாகப் பேசுகிறவரை ஊமை என்று எழுதிவிட்டேன். அச்சிலும் வந்துவிட்டது.

வாசல் போனிலிருந்து ஆசிரியரைக் கூப்பிட்டேன். (பத்திரிகை ஆசிரியர்தான்.) முன்னோட்டத்தில் எழுதியது தவறு, ஏன் தவறு என்பதையும் சேர்த்து எழுதப்போகிறேன் என்றேன்.

"காரைப் பத்தி எழுதச் சொன்னா உங்க கையைப் பத்தி எழுதறேங்கறீங்க."

"கை வழியாத்தான் சார் காரைப் பத்தி எழுதறேன்."

"இதை எழுதினப்புறம் யாரும் உங்ககிட்ட சாவி குடுக்கமாட்டாங்க. நானும்தான். யோசிச்சுக்குங்க."

யோசித்தேன். சாவியை நேரம் குறிக்கிறவர் மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். மூன்றையும் என் இடத்தில் இன்னொருவர் வந்து, வரிசையை மாற்றி மாற்றி ஓட்டப்போகிறார். அவர் கைக்குத் தெரிந்ததும் என் கைக்குத் தெரியாததும் சேர்ந்துதான் கட்டுரை. பாதியை நான் வாயால் சொல்ல, அலுவலகத்துப் பெண் டைப் அடிக்கிறாள்.

டாக்டரையும் பார்த்தேன். மணிக்கட்டில் நரம்பு நெரிபடுகிறது. இரண்டு கையிலும் ஆபரேஷன் செய்து திறந்து விடவேண்டும், ஒன்றன் பின் ஒன்றாக. ரொம்ப நாள் விட்டுவிட்டீர்கள், உணர்ச்சி எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார். அண்ணன் வந்து கூட இருப்பதாகச் சொல்லியிருக்கிறான். முட்டி வலியோடு நீங்கள் இவ்வளவு தூரம் கிளம்ப வேண்டாம்.

பயமாக இருக்கிறதா என்று கேட்பீர்கள். இல்லை. அதற்குக்கூடத் தெம்பு இல்லை. படுத்தால் எழுந்திருக்க மனமில்லை. அவ்வளவுதான்.

இதை மாடிப்படியில் வைத்தே படியுங்கள்.

குட்டி


ஏப்ரல் 6

அன்புள்ள குட்டிக்கு,

இந்தக் கடிதம் உன் ஆஸ்பத்திரி விலாசத்துக்கு. கவரைப் பிரிக்க அண்ணன் உதவி செய்யட்டும். படிப்பதை நீயே படி. அவன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தால் போகச் சொல்.

முதலில் ஒன்று சொல்லவேண்டும். நீ ஒரே ஒரு சொல் எழுதி அனுப்பினாயே, அதைக் கடைசிப் படியில் உட்கார்ந்து படித்தேன். மூன்று எழுத்துதான். நான் தப்பாகப் படிக்கிறேனோ என்று ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் பார்த்தேன். மறுபடியும் அதேதான் வந்தது. வகுப்பில் எவ்வளவோ கஷ்டமான வார்த்தை எல்லாம் வந்திருக்கிறது. இவ்வளவு கஷ்டமானதை நான் படித்ததே இல்லை. அண்ணி வந்து, "என்ன மாமா, படியிலேயே உக்காந்துட்டீங்க?" என்றாள். கால் மரத்துப்போச்சு என்றேன். அது உண்மையும்தான்.

ஏப்ரல் இதழ் வந்துவிட்டது. கடைக்காரர் கட்டைப் பிரிக்கும்போதே போய் நின்றேன். நாலு பக்கம். மூன்று நாளாகப் படித்தேன். எது முதல், எது இரண்டாவது என்று கடைசியில் இருக்கும் என்று தேடினேன், இல்லை. நீ எழுதியிருப்பது இதுதான்: 'கறுப்பு வண்டி உங்களுக்காக ஓட்டும். மஞ்சள் வண்டி உங்களை ஓட்ட வைக்கும். சாம்பல் வண்டி மெதுவாகப் பேசும். அதைக் கேட்க ஓய்வெடுத்த கை வேண்டும். என் கை ஓய்வெடுத்திருக்கவில்லை. பிப்ரவரி இதழில் மரத்தது என்று எழுதினேன். மரத்தது ஸ்டியரிங் அல்ல.'

அந்த வரியைப் படித்ததும் இதழை மூடிவிட்டேன். கொஞ்சம் நடந்துவிட்டு வந்துதான் மீதியைப் படித்தேன்.

வகுப்பில் கட்டுரையை மட்டும் படித்தேன், கடிதத்தை அல்ல. எழுந்து நின்று படிக்கச் சொன்னார்கள், நின்றே படித்தேன். தையல்காரர் கார்பன் துணி வருகிற இடத்தை இன்னொரு தடவை கேட்டார். தையலே கிடையாது, பிசின்தான் என்றதும் முகம் விழுந்துவிட்டது. பெயிண்டர் எல்லாரும் போகிற வரைக்கும் இருந்து, "அந்த எஞ்சினியர் இதைப் படிச்சிருப்பாராண்ணே?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். "படிச்சிருந்தா நல்லா சாப்பிட்டிருப்பார்" என்றார். எஞ்சினியர் தட்டைத் தொடாத கதையை நான் முன்பே அவரிடம் சொல்லியிருந்தேன், அதற்கு என்னைத் திட்டிக்கொள். வேறு எதுவும் சொல்லவில்லை.

கட்டுரையின் அடியில் உன் பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு பெயரும் இருக்கிறது. அடுத்த இதழில் அந்தப் பெயர் மட்டும்தான் இருக்கும் என்று அண்ணன் போனில் சொன்னான். உன்னை மேஜை வேலைக்கு வரச் சொல்கிறார்களாம், நீ இன்னும் பதில் சொல்லவில்லையாம். சொல்ல வேண்டாம். தூங்கு. நான் அதைப் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை, எனக்கு ஒன்றும் தெரியவும் தெரியாது. பத்திரிகையைத் தொடர்ந்து வாங்குவதா வேண்டாமா என்பதை மட்டும் எப்போதாவது சொல்.

வலது கைக் கட்டைப் பிரித்துவிட்டார்கள், கட்டைவிரலில் ஏதோ குறுகுறுப்பு வருகிறது, அது நல்லதா கெட்டதா என்று டாக்டரே இன்னும் சொல்லவில்லை என்று அண்ணன் சொன்னான். அவன் சொன்னதில் எனக்குக் குறுகுறுப்பு மட்டும்தான் காதில் விழுந்தது.

என் கையெழுத்து கொஞ்சம் தேறியிருப்பதாக டீச்சர் சொல்கிறார். எனக்கு அப்படித் தெரியவில்லை. 'ழ' இன்னும் வாலைச் சுருட்டாமல் அடுத்த வரிக்குள் போய் நிற்கிறது. நாற்பது வருடம் பஸ் கழுவின கைக்குப் பேனா ரொம்ப லேசு, அதுதான் கஷ்டம். ஒரு பக்கம் எழுதி முடிப்பதற்குள் தோள் வரைக்கும் வலிக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன், ஏனென்றால் வலிப்பது எனக்குத் தெரிகிறது.

நீ பதில் போட வேண்டாம். அடுத்த வாரம் நான் எழுதுவேன், அதற்கடுத்த வாரமும் எழுதுவேன். இரண்டு கையும் ஆறின பிறகு, உனக்குத் தோன்றினால், ஒரே ஒரு சொல் எழுதிப் போடு. போன தடவை எழுதினதை விட்டுவிட்டு வேறு எந்தச் சொல்லாக இருந்தாலும் சரி. கோணலாக இருந்தாலும் நான் படித்துக்கொள்வேன்.

அப்பா